கழுதையே வேறயாம்

1.

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு வந்துகொண்டிருந்த பஸ் நுரைச்சோலை தாண்டியதும் திடீரென்று நின்றது. தெரு நடுவே ஒரு கழுதை. சாரதி விடாமல் ஹோர்ன் அடித்தார். கழுதை ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டு, வேலை வெட்டி இல்லாதவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தது.

முன் ஆசனத்தில் ஒருவர் இருந்தார். அறுபதை நெருங்கும் வயது, வெள்ளைத் தொப்பி, நகக்கண்களில் டயர்க் கறுப்பு. அவர் சாரதியிடம் சொன்னார்:

“இது இந்தப் பக்கத்துக் கழுதை. லேசுல நகராது. எங்கட மன்னார்க் கழுதையெண்டா இந்நேரம் வழி விட்டிரிக்கும். ரெண்டும் வேற. ஆராய்ச்சியில நிரூபிச்ச விசயம்.”

“ஆர் நிரூபிச்சது?” என்று பின்னாலிருந்து கேட்டேன்.

அவர் திரும்பினார். அந்தக் கேள்விக்காகவே கற்பிட்டியில் பஸ் ஏறியவர்போல முகம் மலர்ந்தது.

“என்ட மகள்.”

நான் முன்னேஸ்வரத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கதை எழுதுகிறவள் என்றும் சிலர் சொல்கிறார்கள், பெரும்பாலும் நான். கழுதை நகர்வதற்குள் அவருடைய பெயர் மர்ஸூக் என்பதும், தில்லையடியில் டயர் கடை வைத்திருக்கிறார் என்பதும், மகளின் பெயர் ஸுஹைரா என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டன. நல்ல கழுதை அது. நன்றாக நேரம் தந்தது.

2.

எப்படி ஆரம்பிப்பது என்பதில் இரண்டு வாரம் போனது. அழகான ஆரம்பம் ஒன்று எழுதினேன்:

‘புத்தளம் களப்பின் மீது அந்திச் சூரியன் சாய்ந்து, உப்புப் பாத்திகளைப் பொன்னாக்கிக்கொண்டிருந்த வேளையில், ஸுஹைரா என்ற இளம் ஆய்வாளர் சன்னலோரம் அமர்ந்து தன் மடிக்கணினியை—’

(வேண்டாம். ஸுஹைராவின் சன்னலிலிருந்து களப்புத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கிதான் தெரியும்.)

பிறகு அறிவான ஆரம்பம் ஒன்று:

‘பரிமாணக் குறைப்பு எனப்படுவது, பல மாறிகளைக் கொண்ட சிக்கலான தரவுகளை, இயன்றவரை அவற்றின் தகவல் இழக்கப்படாமல்—’

(யாரோ பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்கிறது. நீங்கள்தானே?)

ஆகவே ஸுஹைரா சொன்னபடியே சொல்கிறேன். அவள் விலங்கியல் படித்தவள். பட்டமேற்படிப்புக்காகக் கழுதைகளை அளந்தாள். மன்னாரிலும் கழுதைகள் தெருவில் திரிகின்றன, கற்பிட்டியிலும் திரிகின்றன. இரண்டும் ஒரே வகையா, வேறு வேறா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு கழுதையிலும் இருபது அளவுகள் எடுத்தார்கள். உயரம், முதுகு நீளம், காது நீளம் போன்றவற்றை மரக்கோலால். நெஞ்சுச் சுற்று, கழுத்துச் சுற்று, வயிற்றுச் சுற்று, கால் சுற்று போன்றவற்றைத் துணி நாடாவால்.

“சரி. ஒரு கழுதைக்கு இருபது எண். அதை என்ன செய்வாய்?” என்று கேட்டேன்.

“ரெண்டாக்குவன்.”

“மிச்சப் பதினெட்டையும் தூக்கி எறிஞ்சிடுவாயா?”

“இல்ல டீச்சர். இப்ப ஒரு கழுதைக்கு முன்னால நிண்டு லைட் அடிக்கிறீங்க. பின்சுவருல என்ன நிழல் விழும்? ஒரு தூணும் ரெண்டு காதும். கழுதையெண்டு ஆரும் சொல்ல மாட்டாங்க. பக்கவாட்டுல அடிச்சா? முழுக் கழுதையும் விழும். ரெண்டுமே தட்டையான நிழல்தான், ஆனா ஒண்டுலதான் கழுதை தெரியுது. எந்தப் பக்கத்தால அடிச்சா நிழல் ஆக அகலமா விரியும் எண்டு கணக்கே தேடிப் பிடிக்கும். அவ்வளவுதான்.”

அதன் பெயர் முதன்மைக் கூறு பகுப்பாய்வு. இனி அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

3.

ஸுஹைரா மன்னாருக்குப் போய் அங்குள்ள கழுதைகளை அளந்தாள். மர்ஸூக்கும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனார். மகளுக்குத் துணை என்று சொன்னார். கழுதைகளுக்குத் துணையாகப் போனார் என்று ரம்ஸியா, அவருடைய மனைவி, சொல்கிறார்.

கற்பிட்டிக் கழுதைகளை அளந்தவர் ஹுனைஸ். கற்பிட்டியில் பிறந்து வளர்ந்தவர். அங்கே மிருக வைத்தியக் கந்தோரில் உத்தியோகம். அளவுகளை அவர் போனில் அனுப்புவார், ஸுஹைரா கணினியில் பதிவு செய்வாள்.

முதலாவது கூறு, அதாவது இருபதும் சுருங்கி வந்த இரண்டு எண்களில் முதலாவது, வெளிவந்தது. மாதக் கணக்கில் வெயிலில் நின்று செய்த வேலையின் பலனை, சோறு போட்டுக்கொண்டிருந்த உம்மாவிடம் அவள் விளக்கினாள். சில கழுதைகள் பெரியவை, சில கழுதைகள் சின்னவை.

ரம்ஸியா அகப்பையைக் கீழே வைத்தார். “இதத் தெருவுல நிண்டு பாத்தாலே தெரியுமே புள்ள.”

(ஸுஹைரா சொல்கிறாள்: எந்த மிருகத்தை அளந்தாலும் முதலில் பருமன்தான் வரும், அது எல்லோருக்கும் தெரிந்தது, அதற்காகச் சிரிக்கத் தேவையில்லை. நான் சிரிக்கவில்லை.)

ஆனால் இரண்டாவது கூற்றைச் சேர்த்ததும் திரையில் ஒரு காட்சி விழுந்தது. ஒவ்வொரு கழுதையும் ஒரு புள்ளி. மன்னார்ப் புள்ளிகள் எல்லாம் வலப்பக்கம் ஒரு மேகமாக. கற்பிட்டிப் புள்ளிகள் இடப்பக்கம் இன்னொரு மேகமாக. நடுவில் ஓர் ஆள் நடந்து போகலாம்போல வெளி.

மர்ஸூக் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பார்த்தார்.

“இது எங்கட?”

“ஓம் வாப்பா.”

“அது அவங்கட?”

“ஓம்.”

கோப்பையை வைத்துவிட்டு, மகளின் தலையில் கையை வைத்தார். அவள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட அன்றுகூட அவர் அப்படிச் செய்யவில்லையாம். மறுநாளே அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, கடையில் காற்றடிக்கும் இயந்திரத்துக்கு மேலே மாட்டினார். சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்களும் விளக்கம் கேட்டுத்தான் போகவேண்டியிருந்தது.

4.

(இந்தப் பகுதியை ஸுஹைரா வெட்டச் சொன்னாள். வெட்டிவிட்டேன். அதில் ஹுனைஸ் அனுப்பிய குறுஞ்செய்திகள் இருந்தன. எல்லாமே கழுதைகளைப் பற்றியவை. கடைசி இரண்டைத் தவிர.)

5.

ஹுனைஸின் மோட்டார் சைக்கிளுக்குத் திடீரென்று அடிக்கடி காற்றுப் போகத் தொடங்கியது. கற்பிட்டியில் டயர் கடை இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. மர்ஸூக் டியூபை எடுத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பார்ப்பார். ஒரு குமிழியும் வராது. நான்காவது முறை டியூபைக் கழற்றாமலே கேட்டார்:

“தம்பி, ஓட்டை டயர்லயா, வேற எங்கயாவதா?”

ஹுனைஸ் நேர்மையான ஆள். கேட்டுவிட்டார். ஸுஹைராவைத் தனக்குக் கேட்டு உம்மாவை அனுப்பலாமா என்று.

மர்ஸூக் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, காற்று இயந்திரத்துக்கு மேலே விரலை நீட்டினார்.

“இது என்ன தெரியுமா?”

“தெரியும். நானும் சேர்ந்து செஞ்சதுதானே.”

“பின்ன என்ன? பாருங்க தம்பி. கழுதையே வேறயாம். பிறகு மனுசரப் பத்தி என்ன கதை?”

[இந்த இடத்தில் மர்ஸூக்கை வில்லனாக்கி ஒரு வரைவு எழுதினேன். கண்களைச் சிவக்கவைத்தேன், குரலை உயர்த்தினேன். சரிவரவில்லை. அவர் அந்த வசனத்தைச் சொன்ன பிறகு ஹுனைஸுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்திருக்கிறார், டயருக்கு இலவசமாகக் காற்றும் அடித்திருக்கிறார். வில்லன்கள் அப்படிச் செய்வதில்லை. தொண்ணூறில், போர்க்காலத்தில், ஆயுத இயக்கத்தார் முஸ்லிம்களை மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இல்லை. கையில் ஒரு பையோடு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார். கற்பிட்டி ஆட்கள் சோறும் உடுப்பும் இடமும் கொடுத்தார்கள். அதை இன்றும் சொல்வார். ஆனால் பிறகு வந்த ஆண்டுகளில் கிணற்றடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் ‘அகதி ஆக்கள்’ என்ற சொல்லையும் கேட்டார். அதைச் சொல்ல மாட்டார், ரம்ஸியாதான் சொன்னார். ‘நீங்க வேற, நாங்க வேற’ என்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவரிடம் சொல்லப்பட்டது. இப்போதுதான் அதை அவர் திருப்பிச் சொல்கிறார், அதுவும் படத்தோடு.

இந்தப் பத்தியில் என்னால் கேலி செய்ய முடியவில்லை. மன்னிக்கவும். அடுத்த பகுதியில் சரிசெய்கிறேன்.]

6.

ஹுனைஸ் கற்பிட்டிக்குத் திரும்பிப் போய் ஸுஹைராவுக்குப் போன் எடுத்தார். அந்த உரையாடலை இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதினேன். வியப்பு என்னவென்றால், இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

“உங்கட வாப்பா படத்தக் காட்டினாரு.”

“என்ன படம்?”

“கழுதைப் படம். எனக்கு விளங்கிட்டு. நான் அளந்ததெல்லாம் ஒரு பக்கம் ஈக்கி. நீங்க அளந்ததெல்லாம் மத்தப் பக்கம் ஈக்கி. நடுவுல பாதை போட்டிருக்கி. இதுக்கு மேல நான் என்ன செல்ற?”

அவர் தன் கவலையைச் சொன்னார். ஸுஹைரா வேறொன்றைக் கேட்டாள்.

“திரும்பச் சொல்லுங்க.”

“என்னத்த?”

“இப்பச் சொன்னத. நான் அளந்தது எண்டு சொன்னீங்களே.”

“நீங்க அளந்ததெல்லாம் ஒரு பக்கம்—”

அவள் போனை வைத்துவிட்டாள். (காதல் கதைகளில் போனை வைப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கும். இங்கே காரணம் புள்ளிவிவரம்.)

மன்னாரில் அளந்த கை அவளுடையது. கற்பிட்டியில் அளந்த கை அவருடையது. திரையில் பிரிந்து நிற்பவை இரண்டு ஊர்களா, இரண்டு கைகளா? இரண்டாவது கூற்றில் எந்த அளவீட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்தாள். முன்னரே பார்த்திருக்க வேண்டியது. நெஞ்சு, கழுத்து, வயிறு, கால் என்று நாடாவால் எடுத்தவை எல்லாம் பெரிய எண்களாக ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. மரக்கோலால் எடுத்தவை எல்லாம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் தூங்கின. மரக்கோலை இறுக்க முடியாது. நாடாவை முடியும்.

மீண்டும் போன் எடுத்தாள்.

“நாடாவ எப்படிப் பிடிச்சீங்க?”

“சும்மா, பட்டும் படாம.”

“ஏன்?”

“இறுக்கினா அதுக்கு மூச்சு முட்டும்தானே.”

அந்த நேரம் அவளுக்கு என்ன தோன்றியது என்று கேட்டேன். வெட்கம், இரக்கம், காதல் என்று மூன்று சொற்களை ஆயத்தமாக வைத்திருந்தேன். “கோவம்,” என்றாள். “ஒவ்வொரு கழுதையையும் ரெண்டு பேரும் அளந்திருக்கணும். அதக் கூட யோசிக்காத என் மேலயே கோவம்.”

7.

இனி ஸுஹைரா என்ன செய்ய வேண்டும்? ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பிழையைச் சொல்லவேண்டும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ரம்ஸியாவுக்குத்தான் உலகம் தெரிந்திருந்தது.

“இப்பச் சொன்னா என்ன சொல்லுவாங்க தெரியுமா? மாப்பிள்ளைக்காகக் கணக்க மாத்திட்டாள் எண்டு சொல்லுவாங்க.”

“நான் அந்த ஆளக் கட்டுறன் எண்டு சொன்னேனா உம்மா?”

“சொல்லல்ல. அதையும் நம்ப மாட்டாங்க.”

அவளுடைய ஆய்வுச் சுருக்கம் ஓர் ஆய்வரங்குக்கு ஏற்கப்பட்டிருந்தது. வாப்பாவின் கடையில் படம் தொங்கியது. பொய்யை வைத்துக்கொண்டால் எல்லோரும் மகிழ்ச்சி. உண்மையைச் சொன்னால் அது ஆசைக்காகச் சொன்ன பொய்போல இருக்கும். நான் எழுதிய பாத்திரங்களில் இத்தனை நெருக்கடியில் யாரையும் மாட்டிவிட்டதில்லை. (நான் மாட்டிவிடவில்லை. ஏற்கனவே மாட்டியிருந்தாள்.)

அவள் விசயத்தைச் சொன்னபோது, மேற்பார்வை செய்த பேராசிரியர், மூன்றாவது ஆளொருவரைக் கொண்டு கற்பிட்டிக் கழுதைகள் சிலவற்றை மீண்டும் அளக்கச் சொன்னார். இந்த விசயத்தில் எந்த அக்கறையும் இல்லாத ஒருவராக இருக்கவேண்டும் என்றார். ஸுஹைரா யோசித்துப் பார்த்தாள். தில்லையடியிலிருந்து கற்பிட்டிவரை அப்படி ஒருவரும் மிச்சமிருக்கவில்லை. எல்லோருக்கும் மர்ஸூக் படத்தை விளக்கிவிட்டார். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அக்கறை இல்லாதவர் கிடைக்காவிட்டால், எதிர்ப் பக்கத்து அக்கறை உள்ளவர் போதும்.

வாப்பாவிடம் போய் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். நீண்ட நேரம் கையிலிருந்த டயரை உருட்டிக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் அளந்தா?”

“நீங்க அளந்தும் பிரிஞ்சு நிண்டா, வேறதான். நான் எழுதியே தாறன்.”

“அந்தப் பொடியன்?”

“அவர் கழுதையப் பிடிப்பாரு. நாடாவத் தொட மாட்டாரு.”

“சரி. நடக்கட்டும்,” என்றார் மர்ஸூக். வெற்றி நிச்சயம் என்ற குரலில் சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கற்பிட்டிக்குப் போனார்கள். கடற்கரையில் மீன் வாடிக் கொட்டிலின் நிழலில் கழுதைகள் நின்றன. ஹுனைஸ் கையில் பாண் துண்டுகளோடு ஒன்றை வசப்படுத்திப் பிடித்தார். மர்ஸூக் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நாடாவை அதன் நெஞ்சைச் சுற்றிப் போட்டு ஒரே இழுவை. கழுதை திடுக்கிட்டது. ஹுனைஸ் கண்ணை மூடினார்.

“கொஞ்சம் மெதுவா, மாமா—”

“நாடா எண்டா இறுக்கித்தான் பிடிக்கணும் தம்பி. தொளதொள எண்டு பிடிச்சா அது அளவில்ல. தடவல்.”

ஸுஹைரா எண்ணை எழுதிக்கொண்டாள். எப்படிப் பிடிக்கவேண்டும் என்று அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.*

* நாடாவை அப்படி இழுக்க நீ எங்கே பழகினாய் என்று அவளைக் கேட்டேன். “வேற எங்க டீச்சர்? டயர் கடையில.”

மாலையில், ஹுனைஸின் கந்தோரில், மடிக்கணினியைத் திறந்தார்கள். மர்ஸூக் கதிரையை இழுத்துப்போட்டுத் திரைக்கு முன்னால் இருந்தார். பழைய இரண்டு மேகங்கள். பிறகு, ஒவ்வொன்றாக, சிவப்புப் புள்ளிகள்.

“இந்தச் சிவப்பு ஆரு?”

“நீங்க இண்டைக்கு அளந்தது வாப்பா.”

“கற்பிட்டிக் கழுதை?”

“ஓம்.”

“மன்னார்ப் பக்கத்துல நிக்கிது?”

“ஓம்.”

ஹுனைஸ் தரையைப் பார்த்தார். வென்ற முகத்தைக் காட்டக்கூடாது என்ற பயம். மர்ஸூக் திரைக்கு இன்னும் கிட்டப் போய், சிவப்புப் புள்ளி ஒன்றின் மேல் விரலை வைத்தார்; தூசியாக இருந்தால் துடைத்துவிடலாம் என்பதுபோல. அது தூசி இல்லை.

“அப்ப சரி,” என்றார் கடைசியில். “அது எங்கட கழுதைதான். தொண்ணூறுல வந்திரிக்கும்.”

“வாப்பா! வள்ளத்துலயா? கழுதையா?”

“நான் வந்த வள்ளத்துல இல்ல.” எழுந்து தொப்பியைச் சரிசெய்தார். “வேற வள்ளத்துல.”

முதலில் சிரித்தது ஹுனைஸ்தான். அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். பிறகு ஸுஹைரா. மர்ஸூக் சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸுஹைரா பக்கத்தில் போய் நின்றபோது, அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார்:

“அவங்க வேறயெண்டா, எங்கள வேறயெண்டு அவங்க சொன்னதுலயும் ஒரு நியாயம் இருந்திரிக்கும் எண்டு நினைச்சன் மகள். அதான் அந்தப் படம் பிடிச்சிது.”

(இதை இதற்கு மேல் விளக்கினால் நான் எழுத்தாளர் இல்லை, சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த ஆளை மறித்து வைத்திருப்பவள்.)

ஸுஹைரா சுருக்கத்தைத் திருப்பி வாங்கி வேறொன்று அனுப்பினாள். மன்னார்க் கழுதைக்கும் கற்பிட்டிக் கழுதைக்கும் சொல்லும்படியாக எந்த வேறுபாடும் தெரியவில்லை. தெரிந்தது நாடா பிடித்த கைகளின் வேறுபாடு. அரங்கில் யாரும் எழுந்து நின்று கைதட்டவில்லை. ஒருவர் மட்டும் வந்து, தானும் இப்படித்தான் ஆடுகளில் மாட்டிக்கொண்டதாக இரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

8.

போன மாதம் இந்த வரைவோடு தில்லையடிக்குப் போனேன். முடிவுகள் மூன்று கைவசம் இருந்தன.

முதல் முடிவில் கலியாணம். பிரியாணிச் சகன் தட்டுகளைச் சுற்றி மன்னாரும் கற்பிட்டியும் கலந்து உட்காருகின்றன. நீங்கள் விரும்புவது இதைத்தான் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவதில் ஸுஹைரா மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறாள். ஹுனைஸ் கடற்கரையில் கழுதையோடு நிற்கிறார். இது சோகமானது, ஆகவே இலக்கியத்தரமானது.

மூன்றாவது, கழுதையின் மனவோட்டத்தில் முடி— (கிழித்துவிட்டேன்.)

ஸுஹைரா இரண்டையும் பொறுமையாக வாசித்தாள்.

“நல்லாருக்கு டீச்சர். ஆனா ரெண்டுலயும் என்னட்ட ஆரும் ஒண்டும் கேக்கவே இல்லையே.”

உண்மைதான். மர்ஸூக்கிடம் கேட்டிருக்கிறேன், ஹுனைஸிடம் கேட்டிருக்கிறேன். கழுதையிடம்கூடக் கேட்டிருக்கிறேன்.

“சரி, இப்பக் கேக்கிறன். உனக்கு என்ன விருப்பம்?”

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்த நேரம் வாசலில் முச்சக்கரவண்டி ஒன்று வந்து நின்றது. துணி மூடிய தட்டோடு ஒரு பெண் இறங்கினார். ஹுனைஸின் உம்மா. சித்தி மரியம் என்று பெயர். அழைக்காமல் வந்தாரா, யாராவது வரச்சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. ரம்ஸியா குசினியிலிருந்து ஓடிவந்து, திரும்பி ஓடி, முக்காட்டோடு மறுபடி வந்தார். மர்ஸூக் எழுந்து வாசலுக்குப் போனார்.

“வாங்க, உள்ளுக்கு வாங்க. நீங்க கற்பிட்டி ஆக்கள்தானே? ஆதியிலயே அங்கதானா?”

“அது ஒரு பெரிய கதை நானா,” என்றார் சித்தி மரியம். “எங்கட மூத்தாப்பா செல்றது என்னெண்டா—”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அப்போது என் ஒரு கையில் வரைவுத் தாள்களும் மற்றக் கையில் என் குடையும் வைக்கப்பட்டன. வைத்தவள் ஸுஹைரா.

“டீச்சர், பாலாவியில கோச்சி போயிரும்.”

“ரயிலுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இரிக்கே, பிள்ளை.”

“இல்ல டீச்சர். போயிரும்.”

குசினி வாசலால் என்னை மரியாதையாக வழியனுப்பினாள். அதற்கு முன், போகிற வழியில், அலுமாரிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அதை நான் பார்க்கவில்லை என்று எழுதச் சொல்லியிருக்கிறாள். ஆகவே நான் பார்க்கவில்லை.

வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே யாரோ ஒருவர் பெரிதாகச் சிரித்தார். மர்ஸூக்கா, சித்தி மரியமா, இருவரும் சேர்ந்தா என்று அந்தத் தூரத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை. நான் எழுதுவதென்றால் ஒருவரைத் தெரிவு செய்தாக வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள் இன்னும் கொஞ்சம் வேலியடியில் நில்லுங்கள்; உங்களை அவளுக்குத் தெரியாது, துரத்த மாட்டாள்.

எனக்குக் கோச்சிக்கு நேரமாகிவிட்டது.